இரண்டு ஊக்குப் பந்தயம்

என் பிள்ளைக்கு,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். உன்னை மாதுங்காவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வீட்டில் உட்காரவைத்துத் தமிழும் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். ஆபீஸிலிருந்து வந்து மறுநாள் சமையலுக்கு அரைத்து வைக்கவே பொழுது சரியாக இருந்தது. ஆகையால் குற்றம் என்னுடையது. நிதானமாகப் படி, புரியாத வார்த்தையைத் தாண்டிப் போய்விடு. இங்கிலீஷிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். பதினேழு வருஷமாகப் பல்லார்ட் எஸ்டேட் ஆபீஸில் டைப் அடிக்கிற கை இது. இங்கிலீஷில் ஆரம்பித்தால் 'தங்கள் ஐந்தாம் தேதிக் கடிதம் கிடைத்தது' என்றுதான் ஓடும். பெற்ற பிள்ளைக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. நீ தையல்காரனைப் பார்க்க மாதுங்காவுக்குப் போயிருக்கிறாய். ஒரு மணிக்கு முன்னால் வரமாட்டாய் என்று நினைக்கிறேன், ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் காகிதத்தை மூடுகிறேன். இதற்குள் மூன்று தடவை எழுந்து அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சாப்பிடும்போது, ரசத்துக்குச் சாதத்தில் குழி பண்ணிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"அம்மா, என்னைக் கொச்சிக்கு அனுப்பறா. ட்ரெயினிங். ஆறு மாசம்தான்."

"ஆறு மாசம்தானே, ஓடியே போயிடும்" என்றேன். "கடுமாங்காய் ஒரு பரணி போட்டுத் தரட்டுமா?"

"சரிம்மா."

அவ்வளவுதான் நமக்குள் நடந்த பேச்சு. கடுமாங்காயே கேரளத்து ஊறுகாய், அங்கே போகிறவனுக்குப் பம்பாயிலிருந்து அதைக் கட்டிக் கொடுக்கிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள், அவனும் சரி என்கிறான், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நாள், இஸ்திரி போட்ட உன் சட்டைகளைப் பெட்டியில் வைக்கும்போது அடியில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்திருந்தேன். ஊசி போட்டதற்கான அத்தாட்சி, சீல் குத்தி, டாக்டர் கையெழுத்தோடு. மஞ்சள் காய்ச்சல் ஊசி. நான் வேலை பார்ப்பது கப்பல் சரக்கு ஆபீஸ் என்பதை மறந்துவிட்டாயா? எந்தத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிற கப்பல்காரர்களுக்குப் போடுகிறது. கொச்சிக்குப் போகிறவனுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி எதற்கடா? புத்தகத்துக்குக் கீழே ஒரு நீளமான கவர் இருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. என்னை ரொம்ப யோக்கியமானவள் என்று நினைத்துக்கொள்ளாதே, பயத்தில்தான் பிரிக்கவில்லை. உள்ளே எத்தனை வருஷம் என்று எழுதியிருக்கும்.

நீ புறப்பட இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் நாம் இருவரும் நிஜத்தைப் பேசப் போகிறோமா, இல்லை ஊறுகாயைப் பற்றியே பேசி முடித்துவிடப் போகிறோமா? மூன்று நாளாக இதே யோசனை. நேற்று டைப் அடிக்கும்போது ஒரே பாராவை இரண்டு தடவை அடித்து மானேஜரிடம் பேச்சு வாங்கினேன். உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் கோபப்பட எனக்கு வழியில்லை என்று தோன்றியது, ஏனென்றால் நீ செய்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை ஆறு வருஷம் ரயிலில் உட்கார்ந்து நான் தினமும் செய்திருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. உன் அம்மா சீட்டாடுவாள். ரம்மி இல்லை, போக்கர்.

செம்பூரிலிருந்து வீ.டி. ஸ்டேஷன் போகிற எட்டு இருபது வண்டியில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம் நாங்கள் மூன்று பேர். டெலிபோன் ஆபரேட்டர் சுலபா, பாங்கில் வேலை பார்த்த பார்ஸிக்காரி கூமி, நான். ஆட்டத்தைச் சொல்லித்தந்தது கூமி. அவள் அண்ணன்மார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். சுலபாவின் டப்பா வைக்கிற பையை மடியில் பரப்பினால் அதுதான் மேஜை. காசு வைத்து ஆட எங்கள் மூன்று பேருக்குமே தைரியம் கிடையாது, அதனால் ஊக்கு வைத்து ஆடினோம். எல்லோருடைய வளையலிலும் எப்படியும் நாலைந்து தொங்கும். பக்கத்தில் யாருக்காவது ஏறுகிற நெரிசலில் முந்தானை கிழிந்தால் நடுவில் கிடக்கிற பந்தயத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவோம், ஜெயிக்கிறவளுக்கு ஒரு ஊக்கு குறையும், அதற்கு ஒரு சண்டை நடக்கும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் என் கைப்பையில் நாற்பது ஊக்கைப் பார்த்துவிட்டு ஏதும்மா இவ்வளவு என்று கேட்டாய். மலிவாகக் கிடைத்தது என்றேன். அன்று நான் ஜெயித்திருந்தேனடா. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரு சுற்றுப் பந்தயம். வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பிறகு கடைசிச் சுற்றுப் பந்தயம், அதன் பிறகு சீட்டைக் காட்ட வேண்டும். கஷ்டமெல்லாம் அந்தக் கடைசிச் சுற்றில் முதலில் பேச வேண்டியவளுக்குத்தான். கையில் பிரமாதமான சீட்டு இருந்தால் கவலையில்லை, ஒன்றுமே இல்லாவிட்டாலும் கவலையில்லை. நடுத்தரமாக, இரண்டு ஜோடி மாதிரி ஏதாவது இருந்தால்தான் அவஸ்தை. பேசாமல் விட்டால் அடுத்தவள் பத்து ஊக்கு வைப்பாள். அவளிடம் நிஜமாகவே இருக்கிறதா, மிரட்டுகிறாளா என்று நமக்குத் தெரியாது. பத்தையும் கொடுத்துப் பார்க்கவும் மனசு வராது, விடவும் மனசு வராது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே இரண்டு ஊக்கை எடுத்து வைத்துவிடுவேன். முக்கால்வாசி நேரம் அவளும் சரி என்று இரண்டை வைத்துவிட்டுச் சீட்டைக் காட்டிவிடுவாள். தோற்றாலும் இரண்டோடு போயிற்று. விலையை நான் சொல்லியாயிற்று, பெரிதாகக் கேட்க அவளுக்கு இடமே கொடுக்கவில்லை. இப்போது புரிகிறதா, ஆறு மாசம், கொச்சி என்று நீ ரசம் சாதத்தின் நடுவில் எடுத்து வைத்தது என்ன என்று?

இரு, பால்காரன். இதோ வந்துவிட்டேன். என்ன எழுதிக்கொண்டிருந்தேன்? இரண்டு ஊக்கு. அதை நான் கூமியிடம் கற்றுக்கொள்ளவில்லை, அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே எனக்குத் தெரியும். அப்பா போன பதின்மூன்றாம் நாள் உனக்கு நினைவிருக்காது, உனக்கு ஆறு வயது. அப்போது நாம் இருந்த மாதுங்கா வீட்டுக் கூடத்தில் உன் பெரியப்பாவும் மற்றவர்களும் உட்கார்ந்து என்னை என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து எனக்குக் கேட்டது. வேலையை விடச் சொல்வார்கள், பாலக்காட்டுக்குக் கூட்டிப் போய்ப் பின்கட்டில் வைப்பார்கள், உன்னை அங்கே பள்ளிக்கூடத்தில் போடுவார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன அந்த வருஷம் தேடிப் பிடித்த வேலை அது, அதை விட்டால் எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் முடிவுக்கு வருவதற்கு முன்னால் நான் கூடத்துக்கு வந்து நின்றுவிட்டேன்.

"இனிமே வெளிர் கலர் நூல் புடவைதான் கட்டிப்பேன். கல்யாணம் கார்த்தின்னு எதிலயும் முன்னால வந்து நிக்க மாட்டேன். வருஷா வருஷம் லீவுக்குக் குழந்தையைக் கூட்டிண்டு ஒரு மாசம் ஊருக்கு வந்து இருக்கேன். ஆபீஸுக்கு மாத்திரம் போயிண்டு வரேன்."

யாரும் கேட்காததையெல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவளே சொல்றாளே, அப்பறம் என்ன?" என்றார். அதோடு முடிந்தது. அன்று அதைச் சொல்லியிராவிட்டால் இன்று நீயும் நானும் இந்த வீட்டில் இல்லை. அதற்காக நான் வெட்கப்படவே மாட்டேன். எனக்குப் பச்சை பிடிக்கும், கிளிப்பச்சை. பதினாறு வருஷமாகச் சாம்பலும் வெண்ணெய் நிறமும் கட்டுகிறேன், வேலை இருக்கிறது, நீ படித்தாய். வீட்டுச் சொந்தக்காரரிடமும் அப்படித்தான், மானேஜரிடமும் அப்படித்தான். அவர் லீவைக் குறைக்கப் போகிறார் என்று மூக்கில் வியர்த்தாலே சனிக்கிழமை கூட ஒரு மணி நேரம் இருக்கிறேன் ஸார் என்பேன். பிழைக்கிறதுக்கு இது நல்ல வித்தை. நீயும் வைத்துக்கொள். கப்பலில் உன் மேலதிகாரிகளிடம் உதவும்.

ஆனால் ஒரே வித்தையை எல்லா இடத்திலும் காட்டினேன் பார், அங்கேதான் கெட்டேன். உனக்குப் பதினாறு வயது. உன் பௌதிகப் புத்தகத்துக்குள் ஒரு விண்ணப்பத் தாளைப் பார்த்தேன். கப்பலில் அதிகாரியாவதற்குப் பயிற்சி தருகிற இடத்துக்கு. பெயர், பிறந்த தேதி, உயரம் எல்லாம் உன் அழகான கையெழுத்தில் பூர்த்தி பண்ணியிருந்தாய். பெற்றோர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. நீ என்னிடம் கேட்கத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வாரம் சமையலறை வாசலில் வந்து நிற்பதும் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதுமாக இருந்தாய். கேட்டால் நான் என்ன சொல்வது? கூடாது என்றால் உன் முகம் எப்படிப் போகும்? சரி என்றால் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பது? சனிக்கிழமை நீ வாயைத் திறந்து "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாய். நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கு எலிஃபெண்டா போலாமாடா? மோட்டார் போட்டுல. உனக்குக் கப்பல்னா பிடிக்குமே."

சரி என்று தலையாட்டினாய். உனக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். போனோம். புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். நீ குகையைப் பார்க்கவில்லை, குரங்கைப் பார்க்கவில்லை. போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். கரையில் இறங்கியதும், "இன்னொரு நாளும் வருவோம்டா" என்றேன். "போதும்மா" என்றாய். அந்தத் தாளை அப்புறம் நான் பார்க்கவில்லை. டிப்ளமாவில் சேர்ந்தாய், எலெக்ட்ரீஷியன் ஆனாய், விக்ரோலியில் வேலைக்குப் போனாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேனடா. உன் பெரியப்பாவை ஜெயித்த மாதிரி உன்னையும் ஜெயித்துவிட்டேன் என்று படகிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன், அடித்து அழிக்க மாட்டேன்.

அடுத்த வாரமே ரயிலில் எனக்கு அதற்குப் பாடம் கிடைத்தது. எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, மஸ்ஜித் ஸ்டேஷன் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட வேண்டும், வீ.டி.யில் இறங்குகிற தள்ளுமுள்ளில் சீட்டு பறந்துவிடும். அதனால் சேவ்ரி தாண்டிப் போடுகிற கடைசி ஆட்டம் எப்போதும் பறக்கப் பறக்கத்தான். அன்று எனக்கு ராஜா ஜோடி, ஏழு ஜோடி. நான்தான் முதலில் பேச வேண்டும். வழக்கம்போல இரண்டு ஊக்கு வைத்தேன். சுலபா சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டாள். கூமி தன் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கு அத்தனையையும் கழற்றி நடுவில் போட்டாள். வண்டி ரே ரோட்டில் நின்று கிளம்பியது. வெறும் ஊக்குதானே, போனால் என்ன? ஆனால் முடியவில்லை. சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். கூமி தன் சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஜோடிகூட இல்லை.

"அரே பாபா" என்று சிரித்தாள். மீதியை அவளுடைய பம்பாய் இந்தியில் சொன்னாள். நீ இரண்டு வைத்தால் உன்னிடம் இரண்டு ஜோடி என்று இந்தப் பெட்டியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், மீன்காரிக்குக்கூடத் தெரியும். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஊக்கைத் திரும்ப வளையலில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: உனக்குத் தோற்கிறதில் பயமில்லை, எவ்வளவு என்று கேட்கத்தான் பயம். டாக்யார்ட் ரோடு வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் உன்னிடம் அந்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டே விடுவது என்று ஆபீஸ் முழுக்க ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தாய். "பசிக்கறதாடா?" என்றேன். இல்லை என்றாய். அத்தோடு உள்ளே போய்விட்டேன். கூமி பூனாவுக்குப் போன பிறகு ஆட்டம் நின்றுவிட்டது. உன்னோடு ஆடியது நிற்கவில்லை.

மணி பன்னிரண்டரை. இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் எழுந்துவிடலாமா என்று பார்க்கிறேன். எழுதிவிடுகிறேன். அப்பாவின் கடைசி நாள், பரேலில் ஆஸ்பத்திரியில். மத்தியானம். நான் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, ஆனால் முழு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு" என்றார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தான் பிழைக்கப் போவதில்லை என்று சொல்லப் போகிறார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"கஞ்சி கொண்டு வரட்டுமா?" என்றேன்.

பிடித்திருந்த கையை விட்டார். "ம்" என்றார். நான் கீழே போய்க் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது பேச்சு நின்றிருந்தது. அவர் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக அந்தப் படிக்கட்டில் கஞ்சிப் பாத்திரத்தோடு ஏறிக்கொண்டே இருக்கிறேன் என்று வைத்துக்கொள். வியாழக்கிழமை உன்னிடம் கடுமாங்காய் என்று என் வாயில் வந்ததே, அப்போதும் அந்தக் கஞ்சிப் பாத்திரம்தான் என் கையில் இருந்தது. நீ பார்க்கவில்லை, ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னைத் திட்டுவதற்காக இவ்வளவும் எழுதவில்லை. அம்மா தாங்கமாட்டாள் என்று எனக்காகத்தான் சின்னதாகச் சொன்னாய், தெரியும். உன் குணம் தங்கம், ஆனால் இந்தப் புத்தியை என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாய். இன்னும் இரண்டு வருஷத்திலோ மூன்று வருஷத்திலோ உனக்கும் ஒருத்தி வருவாள். அவளிடமும் கொச்சி, ஆறு மாசம் என்று ஆரம்பிப்பாயா? அவள் அதற்கு மேல் கேட்காமல் இருந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பாயா? கேட்காமலே இருந்துவிடுகிறவர்களோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று நீ என்னோடு இருந்தே பார்த்துவிட்டாய். வீட்டுக்காரனிடம், அதிகாரியிடம், உறவுக்காரர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் தந்திரமாக இரு. உன்மேல் உயிரை வைத்திருக்கிறவர்களிடம் முழுசாகச் சொல்லிவிடு. அவர்கள் அழுதால் அழட்டும்.

இந்தக் கடிதத்தை நீ வந்ததும் கையில் கொடுத்துவிடப் போகிறேன். மேஜைமேல் வைத்தால் எடுத்து ஒளித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடி, பிறகு வந்து கூப்பிடு. எனக்கு எதிரில் உட்கார். கப்பல் என்று சொல். எந்தக் கடல் என்று சொல். எத்தனை வருஷம் என்று சொல், இரண்டானாலும் நாலானாலும் குறைக்காமல் சொல். நான் கஞ்சி, ஊறுகாய் என்று ஏதாவது ஆரம்பித்தால் "அம்மா, சும்மா இரு" என்று அதட்டு, நான் கேட்பேன்.

நீ சொன்னதும் நான் போகாதே என்பேன். நிச்சயமாகச் சொல்வேன். அழுவேன், உன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன், என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பேன், நியாயமில்லாமல் என்னவெல்லாமோ பேசுவேன். பயந்துவிடாதே, முடிவை மாற்றாதே, சமாதானமும் சொல்லாதே. உட்கார்ந்து கேள், போதும். நாற்பத்தாறு வயதாகிறது, போகாதே என்ற வார்த்தையை இன்று வரை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லி முடித்த பிறகு, நீ போ.

அம்மா